பழைய கணினிக்காரர்கள் சொல்வதை கேம் டெவலப்பர்கள் காதில் வாங்குகிறார்களா?

கேள்வி சுருக்கமாக இது: "என்னிடம் இருப்பது நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1 டிபி ஹார்ட் டிஸ்க். புது கேம் எதை எடுத்தாலும் ஒன்று திறப்பதே இல்லை, இல்லையென்றால் திணறுகிறது. எழுதிக் கேட்டால் 'உங்கள் கணினி குறைந்தபட்சத் தேவைக்குக் கீழே இருக்கிறது' என்று ஒரே வரி. எங்களைப் போன்றவர்கள் எழுதுவதை டெவலப்பர்கள் படிக்கிறார்களா? படித்து எதையாவது மாற்றியிருக்கிறார்களா?"

படிக்கிறார்கள். மாற்றியும் இருக்கிறார்கள். கேம் சோதனைப் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிளேயர்களின் புகார்கள் உள்ளே வந்து, தரம் பிரிக்கப்பட்டு, யாரோ ஒருவர் மேஜைக்குப் போய்ச் சேரத்தான் செய்கின்றன. அங்கே போனபிறகு பழைய வன்பொருள் பற்றிய புகாருக்கு இரண்டு கேள்விகள் காத்திருக்கும். இதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்? அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது? நீங்கள் எவ்வளவு கோபமாக எழுதினீர்கள், எத்தனை ஆயிரம் பேர் கூடச் சேர்ந்து கத்தினார்கள் என்பது அந்தப் புகாரை வரிசையில் கொஞ்சம் முன்னால் தள்ளும். முடிவை மாற்றுவது இந்த இரண்டுக்கும் கிடைக்கும் விடைதான்.

செலவே இல்லாத வகையில் தொடங்குகிறேன். 2016 ஆகஸ்ட் 12 அன்று 'நோ மேன்ஸ் ஸ்கை' பிசியில் வந்தது. ஏஎம்டி ஃபீனோம் பிராசஸர் வைத்திருந்தவர்களுக்கு கேம் திறக்கவே இல்லை. காரணம் எஸ்எஸ்இ 4.1 என்ற கட்டளைத் தொகுப்பு. ஃபீனோமில் அது கிடையாது. ஹலோ கேம்ஸ் நிறுவனம் ஃபீனோம்காரர்கள் வேண்டாம் என்று முடிவெடுத்ததாக நினைத்துப் பலர் திட்டினார்கள். நடந்தது வேறு. கேமுக்குள் இயற்பியல் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஹாவோக் என்ற வெளி நிறுவனத்தின் மென்பொருள், அந்தக் கட்டளைகள் இருந்தாக வேண்டும் என்கிற விதத்தில் கம்பைல் செய்யப்பட்டிருந்தது. ஹாவோக் வேறொரு பதிப்பைக் கட்டிக் கொடுத்தது. சில நாட்களுக்குள் சோதனைப் பேட்ச் (கேமைத் திருத்தும் அப்டேட்) வந்துவிட்டது. 'சைபர்பங்க் 2077'-லும் இதேதான். ஏவிஎக்ஸ் என்ற இன்னொரு கட்டளைத் தொகுப்பு இல்லாத பிராசஸர்களில் முன்கதை முடியும் இடத்தில் கேம் மூடிக்கொண்டது. 2020 டிசம்பரிலேயே 1.05 ஹாட்ஃபிக்ஸில் (அவசரத் திருத்தம்) ஏவிஎக்ஸ் பயன்பாட்டை எடுத்துவிட்டார்கள்.

இந்த இரண்டிலும் யாரும் பழைய பிராசஸரைக் கழற்றிவிடத் திட்டம் போடவில்லை. ஸ்டுடியோவில் யாருடைய மேஜையிலும் அப்படி ஒரு பிராசஸர் இல்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் பிளேயர் எழுதும் புகாருக்கு ஈடான சோதனை எதுவும் கிடையாது. சரிசெய்ய ஆகும் செலவும் குறைவு, வேறு யாருக்கும் நஷ்டமும் இல்லை, பேட்ச் வந்துவிடும். ஆகவே உங்கள் கணினியில் ஒரு கேம் "திறக்கவே இல்லை" என்றால், "மெதுவாக ஓடுகிறது" என்பதைவிட அது நல்ல சகுனம். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அனுபவம் அப்படித்தான்.

அடுத்து ஹார்ட் டிஸ்க். உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான கதை அதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாகப் படிக்கும்போது அப்படி ஒன்றும் மோசமில்லை. நொடிக்கு 100 முதல் 200 எம்பி வரை தரும். பிரச்சினை துண்டு துண்டாகப் படிக்கும்போது. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லிநொடி ஆகும். படிக்கும் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அப்புறம் வேண்டிய இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நொடிக்குச் சுமார் 100 இடங்களில்தான் படிக்க முடியும். ஒரு கேம் காட்சிக்கு ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு எங்கே போய் நிற்கும் என்று தெரியும்.

இதற்கு டெவலப்பர்கள் கண்டுபிடித்த வழி நகல் எடுப்பது. கல்யாணச் சமையலில் பத்து அடுப்புக்கும் ஒரே உப்பு டப்பா வைத்தால் ஆட்கள் நடந்தே ஓய்ந்துபோவார்கள் என்று ஒவ்வொரு அடுப்புப் பக்கத்திலும் ஒரு டப்பா வைப்பார்கள் இல்லையா, அதே வேலை. ஒரு மரமோ பாறையோ பத்து மேப்பில் வந்தால் பத்து மேப்பின் தரவோடும் அதைச் சேர்த்து எழுதிவிடுவார்கள். தலை அங்குமிங்கும் ஓடாமல் ஒரே இழுப்பில் படித்துவிடும். சோனியின் மார்க் செர்னி 2020 மார்ச்சில் பிஎஸ்5 கன்சோல் பற்றிய உரையில் ஒரு உதாரணம் சொன்னார்: 'மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்' கேமில் தபால் பெட்டி மாதிரியான சில பொருள்களின் தரவு ஹார்ட் டிஸ்க்கில் 400 முறை பதியப்பட்டிருந்ததாம். பிஎஸ்5-ல் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) மட்டுமே என்பதால் அந்தத் தேவை போய்விட்டது.

பிசியில் போகவில்லை. ஸ்வீடனின் ஆரோஹெட் ஸ்டுடியோ 2024 பிப்ரவரியில் வெளியிட்ட 'ஹெல்டைவர்ஸ் 2' போகப்போக வீங்கி, 2025 கடைசியில் பிசியில் 150 ஜிபியைத் தாண்டியது. அதே கேம் கன்சோலில் சுமார் 35 ஜிபிதான். பிளேயர்கள் கேட்டது நியாயமான கேள்வி: மிச்சம் 115 ஜிபி யாருக்காக? ஆரோஹெட் 2025 அக்டோபரில் வெளிப்படையாகவே விளக்கம் எழுதியது. ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இந்த நகல்கள், எடுத்துவிட்டால் அவர்களுக்கு லோடிங் நேரம் பல மடங்கு கூடிவிடும் என்று. இந்த கேம் நான்கு பேர் சேர்ந்து விளையாடுவது. ஒருவர் கணினி லோட் ஆகத் தாமதமானால் கூட இருக்கும் மூன்று பேரும் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில் பழைய வன்பொருளுக்கான செலவு யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். எல்லார் தலையிலும். அதிலும் ரொம்ப அடிபட்டவர் யார் என்றால், கையில் இருந்த காசுக்கு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டவர். நிறுவனம் கேட்ட முன்னேற்றத்தைச் செய்தவருடைய டிஸ்க்கில் பாதிக்கு மேல் ஒரே கேம் உட்கார்ந்துகொண்டது.

கதை இதோடு முடியவில்லை. சோனிக்குச் சொந்தமான டச்சு ஸ்டுடியோ நிக்ஸஸ், கன்சோல் கேம்களைப் பிசிக்குக் கொண்டுவருவதில் பேர்போனது. அவர்களோடு சேர்ந்து ஆரோஹெட் நகல்களை முழுதாக நீக்கிப் பார்த்தது. 154 ஜிபி 23 ஜிபி ஆனது. 131 ஜிபி மிச்சம், அதாவது சுமார் 85 சதவீதம். 2025 டிசம்பர் தொடக்கத்தில் விருப்பம் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளும்படி ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் பீட்டா (சோதனை) பதிப்பாக விட்டார்கள். ஹார்ட் டிஸ்க்காரர்களுக்கு என்ன ஆனது? சில நொடிகள் கூடியது, அவ்வளவுதான்.

ஏன் அப்படி என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். பல மடங்கு தாமதமாகும் என்ற கணிப்பு அவர்களுடைய கேமில் அளந்து பார்த்துச் சொன்னது கிடையாது. துறையில் மற்ற கேம்களில் நகல் இருந்தபோதும் இல்லாதபோதும் ஐந்து மடங்கு வரை வித்தியாசம் இருந்ததாகத் தரவுகள் இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று அதை இன்னும் இரட்டிப்பாக்கி வைத்துக்கொண்டார்கள். அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: இந்த கேமில் லோடிங் நேரத்தின் பெரும்பகுதி டிஸ்க்கிலிருந்து படிப்பதற்குப் போகவில்லை, மேப்பை உருவாக்குவதற்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் மேப் புதிதாகக் கட்டப்படும் கேம் அது. டிஸ்க்கிலிருந்து படிப்பது அதோடு கூடவே நடக்கிறது. பிராசஸர் மேப்பைக் கட்டி முடிப்பதற்குள் அந்தக் கிழட்டு டிஸ்க்கும் படித்து முடித்துவிடுகிறது. கூடவே இன்னொரு எண்ணையும் சொன்னார்கள்: அந்த வாரம் விளையாடியவர்களில் ஹார்ட் டிஸ்க்கில் வைத்து விளையாடியவர்கள் 11 சதவீதம்.

இந்த ஒரு சம்பவத்தை நான் இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. "பழைய வன்பொருளை ஆதரிக்கிறோம்" என்பதும் "ஆதரிக்க முடியாது" என்பதும் பல நேரங்களில் ஒரே மாதிரி ஊகத்தின் மேல் நிற்கின்றன. இந்த கேமில், இந்த டிஸ்க்கில், இந்தக் கார்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள். அளப்பதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். புது ஆயுதம், புது மேப் என்று வேலை குவிந்து கிடக்கும்போது அதற்கு யாரும் நேரம் ஒதுக்க மாட்டார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) குறைந்தபட்சத் தேவைப் பட்டியலை முந்தைய கேமின் பட்டியலிலிருந்து எடுத்து, ஒரு படி ஏற்றிப் போட்டார்கள். அந்தப் பட்டியலில் இருந்த கார்டு எங்கள் அலுவலகத்தில் ஒன்றுகூட இல்லை. பிளேயர்கள் விடாமல் கேட்டால்தான் அந்த அளவெடுக்கும் வேலைக்கு ஒருவர் ஒதுக்கப்படுவார்.

கிராபிக்ஸ் கார்டு விஷயம் இவ்வளவு சுலபமில்லை. 2023 அக்டோபரில் ரெமடி ஸ்டுடியோவின் 'ஆலன் வேக் 2' வருவதற்குச் சில நாட்கள் முன்பு தேவைப் பட்டியல் வெளியானது. மெஷ் ஷேடர் வசதி இல்லாத கார்டுகளுக்கு அதிகாரப்பூர்வ ஆதரவு இல்லை என்று ரெமடி தரப்பில் ஒருவர் சொல்லவும் பெரிய சலசலப்பு. பழைய முறையில் காட்சியின் முக்கோணங்களை ஒவ்வொரு முனையாக கார்டு வரிசையில் கடத்தும். மெஷ் ஷேடர் முறையில் அவற்றைக் கொத்துக் கொத்தாக எடுத்து, கண்ணுக்குத் தெரியாத கொத்துகளை முன்கூட்டியே தூக்கிப் போட்டுவிடலாம். அடர்ந்த காடு நிறைந்த கேமுக்கு அது பெரிய லாபம்.

இதில் பலர் கவனிக்காதது: இங்கே "பழசு" என்பதற்கும் வயதுக்கும் சம்பந்தம் குறைவு. என்விடியாவில் 2018-ல் வந்த டியூரிங் தலைமுறையிலிருந்து அந்த வசதி உண்டு. ஏஎம்டியில் 2020-ல் வந்த ஆர்எக்ஸ் 6000 வரிசையில்தான் வந்தது. அதனால் 2019-ல் நல்ல விலை கொடுத்து ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி வாங்கியவர் வெளியே நின்றார். அவர் கோபப்பட்டதில் என்ன தப்பு?

கேம் வந்தபிறகு பார்த்தால், மெஷ் ஷேடர் இல்லாத கார்டிலும் அது திறக்கத்தான் செய்தது. பழைய வழி ஒன்று உள்ளே இருந்தது, ஆனால் வேகம் பரிதாபம். 2024 மார்ச்சில் வந்த ஒரு பேட்ச்சில் ஜிடிஎக்ஸ் 10 வரிசை போன்ற பழைய கார்டுகளுக்காக அந்த வழியைச் சீர்செய்து வேகத்தைக் கூட்டினார்கள். வெளியீட்டு நாளில் கிடைக்காதது ஐந்து மாதம் கழித்துக் கிடைத்தது. ஆதரவு இல்லை என்று அறிவித்துவிட்டு, வேலை ஓய்ந்தபிறகு யாரோ ஒரு புரோகிராமர் உட்கார்ந்து செய்து தருவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும். "ஆதரவு இல்லை" என்ற சொல்லுக்குப் பாதி நேரம் அர்த்தம் "நாங்கள் சோதிக்கவில்லை, உத்தரவாதம் தர மாட்டோம்" என்பதுதான். ஓடவே ஓடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையை அந்தந்தக் கணமே கணக்கிட்டு வெளிச்சம் காட்டும் முறை) கட்டாயம் என்று வரும் கேம்களில் இந்த நம்பிக்கை வேண்டாம். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்'-ம் வன்பொருள் ரே டிரேசிங் இல்லாத கார்டை ஏற்பதில்லை. ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், ஆர்எக்ஸ் 6600 அளவுதான் அடிமட்டம். அணைத்து வைக்க ஒரு பட்டன் கொடுத்தால் என்ன என்று நிறையப் பேர் கேட்டார்கள். கொடுக்க முடியாததற்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு அறையிலும் வெளிச்சம் எப்படி விழும் என்பதை முன்கூட்டியே மணிக்கணக்கில் கணக்கிட்டு, விடையைப் படமாக கேமோடு சேர்த்துக் கொடுப்பார்கள். டிசைனர் ஒரு சுவரை நகர்த்தினால் மறுபடியும் அந்தக் கணக்கு. ரே டிரேசிங்கில் சுவரை நகர்த்திய கணமே வெளிச்சமும் நகர்ந்துவிடும். 'டூம்' குழு மேப்களைப் பெரிதாகக் கட்டியதும் வேலையை முடித்ததும் அந்த வசதியை நம்பித்தான். குண்டு பட்ட இடம் தோலா உலோகமா என்று கண்டுபிடிக்கவும் அதையே பயன்படுத்தினார்கள். பழைய கார்டுக்கு ஒரு பட்டன் என்றால் எல்லா மேப்புக்கும் வெளிச்சத்தை இன்னொரு முறை செய்ய வேண்டும். ஆறே வருடம் பழைய கார்டுகளை ஒதுக்கினார்கள் என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் காரணம் பொய் இல்லை.

இதற்கு நேர் எதிராக 2025 அக்டோபரில் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 6'-ஐச் சொல்லலாம். வெளியீட்டில் ரே டிரேசிங்கே இல்லை. சாதாரணப் பிளேயரின் சாதாரண அமைப்பில் கேம் நன்றாக ஓட வேண்டும் என்பதில் கவனம் வைத்ததால் விட்டுவிட்டோம் என்று அதன் தொழில்நுட்ப இயக்குநர் கிறிஸ்டியன் பூல் சொன்னார். அதே கேம் ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் வசதி) கட்டாயம் என்று வைத்தது. அதனால் சில பழைய கணினிகள் அடிபட்டன. அதையும் அவர் ஒப்புக்கொண்டார். இப்படிச் செய்ய வேண்டிய நிலை இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். எனக்கு இந்த மாதிரிப் பதில் பிடிக்கும். யாருக்கு நஷ்டம் என்று தெரிந்தே சொல்கிறார்.

மொத்தமாக வெட்டிவிடுபவர்களும் உண்டு. ஸ்டீமை நடத்தும் வால்வ் 2023 செப்டம்பரில் 'கவுண்டர்-ஸ்டிரைக் 2'-ஐ வெளியிட்டபோது டைரக்ட்எக்ஸ் 9 (விண்டோஸின் பழைய கிராபிக்ஸ் முறை), 32-பிட், மேக் மூன்றுக்குமான ஆதரவை ஒரே அடியில் நிறுத்தியது. புகார் கிளம்பியதும் சொன்ன பதில் ஒரு எண்: இவை மூன்றையும் சேர்த்தாலும் விளையாடிக்கொண்டிருந்தவர்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு. மேக்கில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் பிரைம் என்ற கட்டண வசதியை வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்க 2023 டிசம்பர் 1 வரை அவகாசம் கொடுத்தார்கள். பழைய 'சிஎஸ்:ஜிஓ'வின் உறைந்த பதிப்பு ஒன்றையும் விட்டுவைத்தார்கள். பணத்தைத் திருப்பித் தந்தது மரியாதையான காரியம். பல நிறுவனங்கள் அதைக்கூடச் செய்வதில்லை.

இந்தச் சதவீதக் கணக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் பத்து லட்சத்துக்கு மேல் ஆட்கள் விளையாடிய கேமில் 1 சதவீதம் என்பதும் ஆயிரக்கணக்கான ஆட்கள். போகட்டும், அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. பழைய கணினியில் கேம் திணறினால் ஆள் விளையாடுவதையே விட்டுவிடுகிறார். விட்டவர் எண்ணிக்கையில் வர மாட்டார். பிறகு அந்த எண்ணிக்கையைக் காட்டி "பாருங்கள், யாருமே இல்லை" என்பார்கள். ஸ்டீம் மாதாமாதம் நடத்தும் வன்பொருள் கணக்கெடுப்பு சிலரிடம் மட்டும் தற்செயலாகக் கேட்கிறது. சம்மதித்தால்தான் கணக்கில் வருவீர்கள். உங்கள் பழைய கணினியில் அந்தக் கேள்வி வந்தால் தயவுசெய்து சரி என்று அழுத்துங்கள். அடிமட்டத்தை எங்கே வைப்பது என்று யோசிப்பவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பட்டியலைத்தான். ஜிடிஎக்ஸ் 1060 பல வருடங்கள் அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்ததால்தான் எத்தனையோ கேம்களின் தேவைப் பட்டியலிலும் அது நிலைத்திருந்தது.

வாக்குக் கொடுத்துவிட்டுச் சிக்கிக்கொண்டவர்கள் சிடி புராஜெக்ட் ரெட். பிஎஸ்4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் 'சைபர்பங்க்'கைத் தருகிறோம் என்று விற்றுவிட்டார்கள். 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து தூக்கியது, 2021 ஜூன் 21 அன்றுதான் திரும்ப வைத்தது. 2021 ஜனவரியில் நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி வெளியிட்ட வீடியோவில் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொன்ன முக்கியக் காரணம், பழைய கன்சோல்களில் டிஸ்க்கிலிருந்து நகரத்தைத் தொடர்ந்து இழுத்துவரும் ஏற்பாடு. மறுபடியும் அதே ஹார்ட் டிஸ்க். 2022 செப்டம்பரின் 1.6 பேட்ச்சோடு பழைய கன்சோல்களுக்குப் பெரிய அப்டேட் நின்றது, 2023-ல் வந்த 'ஃபேன்டம் லிபர்ட்டி' என்ற விரிவாக்கம் அவற்றுக்கு வரவே இல்லை. பிசியிலும் ஹார்ட் டிஸ்க்கைத் தேவைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இரண்டு வருடம் பேட்ச் மேல் பேட்ச் போட்டதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், முதலிலேயே "பிஎஸ்4-ல் வராது" என்று சொல்லியிருந்தால் வாங்கியவர்களுக்கு அந்த அவமானம் மிச்சமாகியிருக்கும். முடியாது என்று நேரத்தில் சொல்வதும் ஒரு நல்ல பதில்தான்.

மோசமான பதில் எது என்று கேட்டால், அளவெடுக்காமலே பிளேயர் பக்கம் பழியைத் தள்ளுவது. 2023 செப்டம்பரில் 'ஸ்டார்ஃபீல்ட்' ஏன் பிசிக்கு மெருகேற்றப்படவில்லை என்ற கேள்விக்கு அதன் இயக்குநர் டாட் ஹோவர்டு, மெருகேற்றித்தான் இருக்கிறோம், நீங்கள் கணினியை மேம்படுத்த வேண்டியிருக்கலாம் என்றார். 2025 செப்டம்பரில் 'பார்டர்லேண்ட்ஸ் 4' வந்தபோது அதை உருவாக்கிய கியர்பாக்ஸின் தலைவர் ராண்டி பிட்ச்ஃபோர்டு இன்னும் ஒரு படி மேலே போய், இது உயர்தரப் பிளேயர்களுக்கான உயர்தர கேம், பிஎஸ்4-ல் ஓடாதது போலவே ரொம்பப் பழைய பிசியிலும் ஓடாது என்று எழுதினார். அப்போது புகார் சொன்னவர்களில் சந்தையின் மிக விலை உயர்ந்த கார்டு வைத்திருந்தவர்களும் இருந்தார்கள்! பழைய வன்பொருள் என்ற சாக்கு சில நேரம் சொந்தக் குறையை மூடும் போர்வை ஆகிவிடுகிறது. இரண்டு கேம்களுக்கும் பின்னால் வேகத்தைக் கூட்டும் பேட்ச்கள் வந்தன. மேம்படுத்த எதுவுமே மிச்சம் இல்லை என்றால் அந்தப் பேட்ச்கள் எங்கிருந்து வந்தன?

இன்னொரு வகையில் கேம் டெவலப்பரைத் திட்டிப் பயனே இல்லை. முடிவு அவர் கையில் இருக்காது. ஸ்டீம் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8-ஐக் கைவிட்டது, உள்ளே இருக்கும் கூகுள் குரோம் அந்த விண்டோஸ்களில் இயங்குவதை நிறுத்தியதால். உங்கள் 1050 டிஐ சார்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு என்விடியா 2025 அக்டோபரோடு கேம்களுக்கான டிரைவர்களை (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) நிறுத்திவிட்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும். அதே மாதம் விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு முடிந்தது, உங்கள் ஐ5-ஐ விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்காது. இப்படி மேலே இருப்பவர்கள் கைவிட்டபின் ஒரு புது கேமில் உங்கள் கார்டில் மட்டும் நிழல் கறுப்புக் கட்டமாகத் தெரிந்தால், டெவலப்பர் என்விடியாவிடம் சொன்னாலும் திருத்தம் வராது. எதிர்த்திசையிலும் ஒரு முறை நடந்தது: விண்டோஸ் 7-ல் இருந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' பிளேயர்களுக்காக பிளிசார்டு கேட்டு, மைக்ரோசாஃப்ட் 2019 மார்ச்சில் டைரக்ட்எக்ஸ் 12-ன் ஒரு பகுதியை அந்தப் பழைய விண்டோஸுக்குக் கொண்டுவந்தது. பிளிசார்டு அளவு பெரிய ஆள் கேட்டால்தான் அதெல்லாம்.

பழைய கணினியை மனதில் வைத்தே கட்டுபவர்களும் இருக்கிறார்கள். 'வேலரன்ட்' இன்டெல் எச்டி 4000-ல் (பழைய பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்) நொடிக்கு 30 ஃபிரேம் தர வேண்டும் என்பதை அடிமட்டமாக வைத்து வந்தது. கரீனாவின் 'ஃப்ரீ ஃபயர்' விலை குறைந்த போன்களை நம்பி வளர்ந்தது. நல்ல போன் வைத்திருப்பவர்களுக்கு 2021-ல் 'மேக்ஸ்' என்று தனிச் செயலி விட்டார்களே தவிர, பழையதைக் கனமாக்கவில்லை. இவர்கள் இலவசமாக கேம் தருபவர்கள். ஆள் எண்ணிக்கைதான் அவர்களுக்கு வருமானம், அதனால் பழைய வன்பொருளுக்கான செலவு அங்கே முதலீடு. ஒரே தடவை முழு விலைக்கு விற்கும் கேமிடம் அதே தாராளத்தை எதிர்பார்க்க முடியாது.

சரி, நீங்கள் எழுதும்போது எப்படி எழுதலாம்? "என் பிசியில் ஓடவில்லை, குப்பை கேம்" என்பதை நாங்கள் எண்ணிக்கையில் மட்டும் சேர்ப்போம், வேறொன்றும் செய்ய முடியாது. திறக்கவில்லையா, திறந்து மூடிக்கொள்கிறதா, மெதுவாக ஓடுகிறதா, விட்டுவிட்டுத் திணறுகிறதா என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். நான்கும் நான்கு பேர் மேஜைக்குப் போகும். டிஎக்ஸ்டயாக் கோப்பையும் (விண்டோஸ் தரும் கணினி விவரப் பட்டியல்) டிரைவர் எண்ணையும் இணையுங்கள். எந்த இடத்தில், எந்த அமைப்பில் நடக்கிறது என்று இன்னொருவர் செய்து பார்க்கிற மாதிரி எழுதுங்கள். கேம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதா எஸ்எஸ்டியிலா என்று கட்டாயம் சொல்லுங்கள், பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். எல்லா அமைப்பையும் அடியில் வைத்தும் ஃபிரேம் மாறவில்லை என்றால் அதை முதல் வரியிலேயே போடுங்கள். பெரும்பாலும் பிராசஸரோ டிஸ்க்கோ காரணம், கார்டு இல்லை என்று அதிலேயே புரோகிராமருக்குப் புரிந்துவிடும். பீட்டா பதிப்பு விட்டால் போட்டுப் பார்த்து, நன்றாக ஓடினாலும் ஒரு வரி எழுதுங்கள். பழைய கணினியில் சரியாக ஓடியது என்ற செய்தி எங்களுக்குக் கிடைப்பதே அபூர்வம்.

உங்கள் கணினியைப் பொறுத்தவரை, பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி. அதற்கப்புறம் ரேமை 16 ஜிபி ஆக்குங்கள். 1050 டிஐ மெஷ் ஷேடரும் தெரியாதது, ரே டிரேசிங் வன்பொருளும் இல்லாதது. ஆகவே முதல் வகை கேம்களுக்குப் பேட்ச் வருகிறதா என்று காத்திருக்கலாம், இரண்டாம் வகைக்குக் காத்திருக்காதீர்கள். ஸ்டீமில் வாங்கினால் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஷேடர் (கார்டில் ஓடும் சிறு நிரல்) கம்பைல் ஆகும் நேரமும் அந்த 2 மணியில் சேரும் என்பதால், வாங்கியதும் அமைப்புகளை அடியில் வைத்து, கூட்டமான ஒரு காட்சிவரை நேராகப் போய்ப் பாருங்கள்.